‘கண் அசந்துவிட்டது’ என்று ஓட்டுநர் சொன்ன பிறகு

எங்களோடு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அண்ணனைப் பின்னால் வந்த சரக்கு வண்டி அடித்துக் கொன்றது. ஓட்டுநர் தூங்கிவிட்டிருந்தார். அதற்குப் பிறகு காவல் நிலையம், நீதிமன்றம், காப்பீட்டு நிறுவனம் என்று அண்ணியோடும் அவர் மகளோடும் அலைந்தவர்களில் நானும் ஒருவன். குடும்பம் கேட்டுக்கொண்டதால் ஊர், பெயர், நிறுவனம் எதையும் எழுதப்போவதில்லை. ஆனால் அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவை வேறு யாருக்காவது, அவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், உதவட்டும் என்று அண்ணியே சொன்னதால் எழுதுகிறேன்.

அண்ணன் இறந்த வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். “அவனும் பாவம், வேணும்னா செஞ்சான்? கண் அசந்துடுச்சு.” சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, அண்ணியைத் தேற்றத்தான் வந்திருந்தார்கள். ஆனால் இந்தப் பேச்சு வீட்டோடு நிற்பதில்லை. விசாரிக்கும் அதிகாரி, அரசு வழக்கறிஞர், சில நேரம் நீதிபதி வரைக்கும் இதே எண்ணம்தான்: தூக்கம் என்பது சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆளைச் சாய்த்துவிடும், நினைவில்லாமல் இருந்தவன் அந்த நேரத்தில் நடந்ததற்கு எப்படிப் பொறுப்பாவான்? குடித்திருந்தால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. ஊதச் சொல்ல ஒரு கருவி இருக்கிறது, அதில் ஒரு எண் வருகிறது, வழக்கு உறுதியாக நிற்கிறது. தூக்கத்துக்கு அப்படி ஒரு கருவி இல்லை. மோதிய அதிர்ச்சியிலேயே தூக்கம் கலைந்துவிடும், அதிகாரி வந்து பார்க்கும்போது எதிரில் நிற்பவர் நன்றாக விழித்துக்கொண்டுதான் நிற்பார்.

உண்மையில் தூக்கம் அப்படிச் சொல்லாமல் வருவதில்லை. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்ன், லூயிஸ் ரெய்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தூக்கம் குறைந்தவர்களை வண்டி ஓட்டுவது போன்ற அனுபவம் தரும் சிமுலேட்டரில் உட்கார வைத்து வருடக்கணக்கில் பார்த்தார்கள். வண்டி பாதையை விட்டு விலகும் அளவுக்குக் கண் அசந்தவர்கள், அதற்கு முன்பே தங்களுக்குத் தூக்கம் வருவதை உணர்ந்து அதோடு மல்லுக்கட்டியிருந்தார்கள். கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் அந்த மல்லுக்கட்டுதான். தூங்கிய அந்த நொடி நினைவில் இல்லாமல் போகலாம், தூக்கத்தோடு போராடியது தெரியாமல் இருக்க முடியாது. அப்படிப் போராடிய ஒவ்வொரு நிமிடமும் வண்டியை ஓரம்கட்டியிருக்கக்கூடிய நிமிடம். எங்கள் அண்ணனை மோதிய ஓட்டுநர்ப் பையன் மூன்று நொடி தூங்கினானா, ஐந்து நொடி தூங்கினானா என்று நாங்கள் கேட்கவே இல்லை. முந்தைய நாள் எத்தனை மணிக்கு எழுந்தான், எங்கெல்லாம் போனான், எப்போது படுத்தான், தூக்கம் வருகிறது என்று யாரிடமாவது சொன்னானா, இவற்றைத்தான் கேட்டோம். வழக்கு உறுதியாக நின்றது அதனால்தான்.

இப்படி விசாரிக்க முடியும் என்பதற்கு எங்களுக்குத் தைரியம் கொடுத்தது ஒரு பழைய வழக்கு. இங்கிலாந்தில் 2001 பிப்ரவரி 28 அன்று செல்பி அருகே, பின்னால் டிரெய்லர் இழுத்து வந்த ஒரு லேண்ட் ரோவர் நெடுஞ்சாலையை விட்டு விலகி, சரிவில் இறங்கி, ரயில் பாதையில் போய் நின்றது. ஓட்டுநர் வெளியே வந்து அவசர உதவிக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே விரைவு ரயில் அதில் மோதித் தடம்புரண்டு, எதிரே வந்த சரக்கு ரயிலோடும் மோதியது. 10 பேர் இறந்தார்கள். தான் தூங்கவே இல்லை, வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று அவர் கடைசி வரை சொன்னார். விசாரணைக் குழு அந்த நொறுங்கிய வண்டியைத் திரும்பப் பொருத்திப் பார்த்து, கோளாறு எதுவும் இல்லை என்று காட்டியது. சரிவில் இறங்கும்போது அவர் பிரேக்கை மிதிக்கவே இல்லை என்பதும் தெரிந்தது. முந்தைய இரவு அவர் மணிக்கணக்கில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போதிய தூக்கமே இல்லாமல் கிளம்பியிருந்தார். ஆபத்தாக ஓட்டிச் சாவு விளைவித்ததாக 10 குற்றச்சாட்டுகளிலும் தண்டிக்கப்பட்டு 5 ஆண்டு சிறை. சைக்கிளுக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை, ஆனால் தூங்கியதாக ஒப்புக்கொள்ளாத ஒருவர் மீது, முந்தைய இரவை வைத்தே குற்றத்தை நிரூபிக்கலாம் என்று அது காட்டியது.

எங்கள் விஷயத்தில் ஓட்டுநர் முதலில் ஒப்புக்கொண்டார், அப்புறம் மாற்றிச் சொன்னார். இது நிறையப் பேருக்கு நடக்கும் என்று வழக்கறிஞர் சொன்னார், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மோதிய இடத்துக்கு முதலில் ஓடிவந்தது அந்தப் பக்கமாக நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா. அவரிடம் ஓட்டுநர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னது, “அம்மா, கண் அசந்துட்டேன்மா.” அன்று மாலை எழுத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் சைக்கிள் திடீரென்று குறுக்கே திரும்பியது என்று இருந்தது. சில வாரம் கழித்து அவர் தரப்பு வழக்கறிஞர் மூலம் வந்த பதிலில் சூரிய வெளிச்சம் கண்ணைக் கூசிவிட்டது என்றிருந்தது. மூன்று முறை மூன்று காரணம். அந்த அம்மாவின் பெயரையும் எண்ணையும் எங்கள் குழுவில் ஒருவர் அப்போதே குறித்து வைத்திருந்ததால், முதலில் சொன்னதும் பதிவுக்கு வந்தது. ஓட்டுநர் அதிர்ச்சியில் இருக்கும்போது வாயிலிருந்து வரும் முதல் வார்த்தைகளை யார் கேட்டார்களோ அவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் யாரும் நாளைக்கு அதே இடத்தில் இருக்கமாட்டார்கள்.

குறுக்கே திரும்பினார் என்ற கதையை உடைத்தது அண்ணனின் சைக்கிளும், அதன் ஹேண்டிலில் மாட்டியிருந்த சின்ன ஜிபிஎஸ் மீட்டரும். சைக்கிளின் பின் சக்கரம் மடிந்து சீட்டுக்கு அடியில் போய்ச் சொருகிக் கிடந்தது, சங்கிலி அறுந்திருந்தது, ஆனால் முன் சக்கரம் தூக்கிச் சுற்றிவிட்டால் இன்றைக்கும் கோணாமல் சுற்றும். குறுக்கே வந்த சைக்கிளுக்குப் பக்கவாட்டில்தான் அடி விழும். ஜிபிஎஸ் பதிவில் அவர் சாலையின் ஓரத்தில் ஒரே கோடாக, மணிக்கு 24 கிலோமீட்டர் அளவில் வேகம் ஏறாமல் இறங்காமல் வந்துகொண்டிருந்தது நொடிக்கு நொடி இருந்தது. அந்தக் கருவியை அண்ணன் மகள் வீட்டில் வைத்துத் திறந்து பார்க்க ஆசைப்பட்டார், அப்பா கடைசியாக ஓட்டிய பாதை அது. வேண்டாம்மா என்று தடுத்து, அணைத்த நிலையிலேயே காவல் துறையிடம் கொடுத்து, வரிசை எண்ணோடு ரசீது வாங்கிக்கொண்டோம். சைக்கிளையும் அப்படித்தான். பழுது பார்க்கவோ, துடைத்து வைக்கவோ, யாருக்காவது கொடுக்கவோ கூடாது. அது சாட்சி.

சூரியன் கண்ணைக் கூசியது என்பதற்குப் பதில் இன்னும் எளிது. அன்றைக்குச் சூரிய உதயம் எத்தனை மணி என்பது வானியல் அட்டவணையில் இருக்கிறது, மோதிய நேரம் அவசர அழைப்புப் பதிவில் இருக்கிறது. உதயத்துக்கு முன்பே மோதியிருக்கிறது. போதாததற்கு வண்டி போய்க்கொண்டிருந்தது மேற்கு நோக்கி. இதை யாரும் தாமாகச் சரிபார்க்கவில்லை. நாங்கள் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்தக் கதை விலக்கிக்கொள்ளப்பட்டது.

சாலையில் கிடைத்த தடயம்தான் எனக்கு மறக்கவே மறக்காது. பின்னால் வந்த எங்கள் குழுவினரில் ஒருவர் நில அளவை வேலை பார்த்தவர். அந்த நிலைமையிலும், ஆம்புலன்ஸ் போன பிறகு, இழுவை வண்டி வருவதற்குள் அவர் படம் எடுத்து வைத்தார். தூரத்திலிருந்து, கிட்டே இருந்து, அளவு தெரிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைத்து. டயர் தடம் சாலையின் வெள்ளைக் கோட்டை மிக மெதுவாகச் சாய்ந்து தாண்டி, ஓரத்து மண்ணில் இறங்கி, அண்ணனை அடித்த இடத்தையும் கடந்து அப்படியே ஒரு கல்தூண் வரைக்கும் போகிறது. எங்கேயும் ஒரு நெளிவு இல்லை. விழித்திருக்கும் மனிதன் கடைசி நொடியிலாவது ஸ்டியரிங்கை ஒடிப்பான், பிரேக்கை மிதிப்பான். தூங்கியவர்களின் விபத்துக்கு அடையாளமே இதுதான்: தப்பிக்க முயன்ற எந்த அறிகுறியும் இருக்காது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் பிரேக் தடம் சரியாக விழாது என்று அதிகாரி சொன்னார், அதுவும் நியாயமான பேச்சுதான். அதனால் வண்டியின் உள்ளே இருக்கும் பதிவுக் கருவியை எடுத்துப் படிக்கச் சொல்லி மனு கொடுத்தோம். ஏர்பேக் கணினியோடு சேர்ந்திருக்கும் அந்தக் கருவி, மோதுவதற்கு முந்தைய சுமார் 5 நொடிகளின் வேகம், ஆக்சிலரேட்டர், பிரேக் நிலைகளைச் சேமித்து வைத்திருக்கும். சைக்கிள் போல எடை குறைந்த ஒன்றில் மோதினால் சில வண்டிகளில் பதிவே ஆகாது. இங்கே கல்தூணிலும் மோதியதால் பதிவாகியிருந்தது. வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர், ஆக்சிலரேட்டர் மாறவே இல்லை, பிரேக் கடைசி வரை தொடப்படவில்லை. அந்த வேகத்தில் 5 நொடியில் வண்டி 97 மீட்டர் ஓடிவிடும்.

இதற்கெல்லாம் அவசரம் முக்கியம். சிசிடிவி பதிவுகள் பல இடங்களில் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாக அழிந்து, அதன் மேலேயே புதியது பதிவாகும். இழுவை வண்டிக்காரர்கள் கொண்டுபோன வண்டி காப்பீட்டுக்காரர் பார்த்து முடித்ததும் பழைய இரும்பாகப் போய்விடலாம். இறுதிச் சடங்கு நடக்கிற அதே நாட்களில்தான் இந்தக் கடிகாரமும் ஓடுகிறது, குடும்பத்தால் அதைப் பார்க்க முடியாது. அதனால் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் இதற்கென்றே ஒதுங்கிக்கொள்வது நல்லது. ஒருவர் வழியெங்கும் கேமரா இருக்கும் இடங்களைப் போய்ப் பார்த்துப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கேட்கட்டும், இன்னொருவர் வண்டியின் சொந்தக்காரருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் விசாரணை அதிகாரிக்கும் ‘வண்டி, அதன் பதிவுக் கருவி, ஜிபிஎஸ் தகவல், டேஷ்கேம் (வண்டிக்குள் இருக்கும் கேமரா), டிரிப் ஷீட் (பயண நேரங்களைக் குறிக்கும் தாள்), ஓட்டுநருடனான செய்திப் பரிமாற்றம் இவற்றை அழிக்கக் கூடாது’ என்று தேதி போட்டுக் கடிதம் அனுப்பட்டும். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. எழுதி அனுப்பிய பிறகு காணாமல் போனால், ஏன் காணாமல் போனது என்று நீதிமன்றத்தில் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நடுவில் ஒன்று. அண்ணனைப் பற்றி எங்களிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி, “ஹெல்மெட் போட்டிருந்தாரா?” போட்டிருந்தார். பின் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தக் கேள்வியே எனக்கு வலித்தது. சைக்கிள் ஹெல்மெட் என்பது விழும்போது தலை தரையில் மோதுவதற்கான பாதுகாப்பு. ஐரோப்பியத் தரச் சோதனையில் அதைச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் தட்டையான பரப்பில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். 70 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து வரும் இரும்பை அது என்ன செய்யும்? இறந்தவர் என்ன போட்டிருந்தார் என்று நூறு பேர் கேட்டார்கள், ஓட்டியவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கணக்குக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்டது இது: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை, கண், கவன ஒருங்கிணைப்பு ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல ஆகிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதம். பல நாடுகளில் 0.05 என்பதே ஓட்டக் கூடாத எல்லை. எங்கள் வழக்கின் ஓட்டுநர் முந்தைய நாள் காலை எழுந்தவர். பகல் முழுக்க லோடு ஏற்றி இறக்கி, இரவு இன்னொரு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பி, விடிவதற்குச் சற்று முன், அதாவது மனித உடம்பு எப்படியும் தூங்கத்தான் பார்க்கும் அந்த 2 மணி முதல் 6 மணி வரையிலான நேரத்தின் கடைசியில், எங்கள் அண்ணனின் பின்னால் வந்து சேர்ந்தார். டிரிப் ஷீட்டில் கையெழுத்தான நேரங்களையும் ஜிபிஎஸ்ஸில் வண்டி நின்ற நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாளில் மணிவாரியாக எழுதினோம். அரை மணி நேரத்துக்கு மேல் வண்டி எங்கேயும் ஓய்வாக நிற்கவில்லை. நின்ற இடமெல்லாம் லோடு இறக்கும் இடம், அங்கேயும் இறக்கியது இவர்தான். நான் நீதிமன்றத்தில் பார்த்ததிலேயே அதிகம் பேசியது அந்த ஒரு தாள்தான்.

கைபேசியை ஆய்வுக்கு அனுப்பியபோது அதில் மேற்பார்வையாளருக்கு அவர் அனுப்பிய செய்தி இருந்தது. “அண்ணா கண்ணு சொக்குது, கொஞ்சம் படுத்துட்டு காலைல கிளம்பட்டா?” பதில்: “7 மணிக்குள்ள சரக்கு சேரணும். டீ குடிச்சிட்டு ஓட்டு.” இந்த இரண்டு வரி ஓட்டுநருக்கு எதிராகவும் பேசுகிறது, நிறுவனத்துக்கு எதிராகவும் பேசுகிறது. தூக்கம் வருவது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அறிந்தே ஓட்டச் சொன்ன இன்னொருவரும் இருந்தார். இங்கே ஒரு நடைமுறை விஷயம்: தொலைபேசி நிறுவனத்திடம் வாங்கும் அழைப்புப் பட்டியலில் அழைப்பும் குறுஞ்செய்தியும்தான் தெரியும். செயலிகளில் அனுப்பியது, மோதும்போது திரையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் கைபேசியையே ஆய்வுக்கூடத்தில் படித்தால்தான் வரும். அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதனால் ஓட்டுநர் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார் என்று சந்தேகம் இருக்கும் வழக்குகளிலும் இதே வழிதான், கைபேசியைக் கைப்பற்றும்படி முதல் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் சண்டை எல்லா இடத்திலும் ஒரே இடத்தில்தான்: இது கவனக்குறைவா, தெரிந்தே எடுத்த ஆபத்தா? பிரிட்டனில் கவனக்குறைவாக ஓட்டிச் சாவு விளைவித்தால் அதிகபட்சம் 5 ஆண்டு, ஆபத்தாக ஓட்டிச் சாவு விளைவித்தால் 2022 முதல் ஆயுள் வரை போகலாம். போதிய தூக்கமில்லை என்று தெரிந்தே ஓட்டுவதை அங்கே இரண்டாவது வகையில் கனமான காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் கவனக்குறைவால் சாவு விளைவிப்பதற்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் 2 ஆண்டாக இருந்த அதிகபட்சத் தண்டனை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் 5 ஆண்டாகியிருக்கிறது, ஆனால் தூக்கம் பற்றித் தனியாக ஒரு வரி இல்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1997இல் 30 மணி நேரம் தூங்காமல் ஓட்டிய ஒருவர் ஓர் இளம்பெண்ணின் சாவுக்குக் காரணமானார், தூங்கியபடி ஓட்டுவதைத் தடுக்கும் சட்டம் இல்லை என்று வாதாடி வெறும் 200 டாலர் அபராதத்தோடு போனார். அந்தப் பெண்ணின் தாய் விடாமல் போராடியதில் 2003இல், 24 மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் ஓட்டி உயிரைப் பறித்தால் அதைப் பொறுப்பற்ற செயலாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கே சட்டம் வந்தது. என் பார்வையில் 24 என்பது மிகத் தாராளமான எல்லை, 20 மணி நேரம் விழித்திருந்தவரை அது தொடாது. ஆனாலும் விழித்திருந்த நேரத்தை ஒரு சட்டம் எண்ணத் தொடங்கியதே பெரிய மாற்றம்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை எனக்கு நியாயமாகப் படுவது நெதர்லாந்து வழி. அங்கே சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவுப்படி, மோட்டார் வண்டி சைக்கிள்காரரை மோதினால் தவிர்க்கவே முடியாத நிலை இருந்தது என்று வண்டிக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். சைக்கிள்காரர் மேல் ஓரளவு தவறு இருந்தாலும் குறைந்தது பாதி இழப்பு வண்டித் தரப்பின் பொறுப்பு, 14 வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் ஏறக்குறைய முழுதும். இரும்பைக் கொண்டுவருபவர் மேல் சுமை இருக்கட்டும் என்ற எண்ணம் அது. அண்ணி மூன்று வருடம் அனுபவித்தது அதற்கு நேர்மாறு. இறந்து போனவர் ஒழுங்காகத்தான் ஓட்டினார் என்பதை அவர் மனைவி நிரூபிக்க வேண்டியிருந்தது.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஆள் வந்தது மிகச் சீக்கிரம். மரியாதையாகத்தான் பேசினார், உடனே ஒரு தொகை தருவதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். அதில் முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்ற ஒரு வரி இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் பிறகு எதுவும் கேட்க முடியாது. வழக்கறிஞர் படிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம் என்பது மட்டும் போதாது, பணம் கட்டாயம் தேவைப்படும் வீட்டில் அந்தத் தாள் பெரிய சோதனை, அந்த மாதச் செலவை நண்பர்கள் சேர்ந்து தாங்கினால்தான் குடும்பத்தால் மறுக்க முடியும். இன்னொன்று, இழப்பீடு கேட்கக் காலக்கெடு உண்டு, சில நாடுகளில் ஆறே மாதம்தான். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இழப்பீட்டு வழக்கில் எது அதிகம் சாத்தியம் என்று காட்டினால் போதும். ஒன்றில் தோற்றாலும் மற்றதில் ஜெயிக்கலாம்.

ஓட்டுநரைப் பற்றி எழுதாமல் போனால் இது முழுமையாகாது. அவருக்கு அண்ணன் மகளை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒருநாள் அண்ணியின் எதிரில் வந்து நின்றார், பேச்சு வரவில்லை. அண்ணி கேட்டது ஒன்றுதான்: “ஓரமா நிறுத்தியிருக்கலாமேப்பா?” அவர் சொன்னார், “நிறுத்தியிருக்கணும்மா.” அவர் மேல் எனக்கு இரக்கம் உண்டு, மறுத்தால் வேலை போயிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்த இரக்கத்தை வைத்து அவர் பொறுப்பைக் கழித்துவிட எனக்கு மனமில்லை, அவராலும் அப்படிக் கழித்துக்கொள்ள முடியவில்லை என்றுதான் அந்தப் பதிலில் தெரிந்தது. அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது, உரிமமும் போனது. எனக்குச் சிறைக் காலத்தின் நீளத்தை விட உரிமம் போனதுதான் முக்கியமாகப் படுகிறது. ஓட்டுவது பிறப்புரிமை இல்லை, ஒரு உயிர் போன பிறகு அதைத் திரும்பப் பெற நீண்ட காலமும் கடுமையான சோதனையும் வேண்டும். அதோடு அவர் மட்டும் உள்ளே போய், 7 மணிக்குள் சரக்கு சேரணும் என்று சொன்னவர் மறுநாள் வேறொரு பையனை அதே வண்டியில் ஏற்றிவிட்டால் எதுவும் மாறவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதிப்படி கனரக வண்டி ஓட்டுபவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும், வண்டியில் இருக்கும் டேகோகிராஃப் என்ற கருவி அதைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். நேரம் கூடினால் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். சின்னச் சரக்கு வண்டிகள் பெரும்பாலும் இந்த மாதிரி விதிகளுக்கு வெளியே ஓடுகின்றன, நேரக் கெடு மட்டும் அவற்றுக்கும் அதேதான்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு, அதாவது நம்மில் ஏறக்குறைய எல்லோருக்கும், இந்த வழக்கில் ஒரு தூக்க மருத்துவர் சாட்சி சொன்னபோது கேட்டவற்றைச் சொல்கிறேன். கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை என்றால், திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டால், சக்கரம் ஓரக் கோட்டைத் தொட்டுத் தொட்டு வந்தால், ஏற்கெனவே ஓரிரு நொடித் தூக்கம் வந்து போய்க்கொண்டிருக்கிறது. முகம் கழுவுவதும் பாட்டும் குளிர்காற்றும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. உருப்படியாக வேலை செய்வது வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, முதலில் இரண்டு கப் காபி குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடம் கண்ணை மூடுவது. காபி ஏறுவதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான், இரவு முழுக்கத் தூங்காததை அது ஈடுகட்டாது. எழுந்த உடனே கிளம்பாமல் சில நிமிடம் நடந்துவிட்டு எடுக்க வேண்டும். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று, பகலெல்லாம் தூங்கி வழிபவர்கள் மருத்துவரைப் பார்க்கவே வேண்டும், அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம், சிகிச்சை இருக்கிறது. சளிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளின் அட்டையிலேயே வண்டி ஓட்டக் கூடாது என்று இருக்கும், அதையும் படியுங்கள். 5 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவிட்டு ஓட்டினால் மோதும் அபாயம் நான்கு மடங்குக்கு மேல் என்று அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பை ஆராயும் ஏஏஏ அறக்கட்டளை 2016இல் சொன்னது. அதே அமைப்பு 2018இல் ஓட்டுநர்களின் முகத்தைப் படம்பிடித்த கேமராப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 9.5 சதவீத மோதல்களில் தூக்கக் கலக்கம் தெரிந்தது. அரசுக் கணக்கில் அது 1, 2 சதவீதமாகத்தான் இருந்தது. மீதியெல்லாம் சைக்கிள் குறுக்கே வந்தது, வெயில் கூசியது என்று எழுதப்பட்டிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சைக்கிள் ஓட்டுபவர்கள் தூங்குகிற ஓட்டுநரிடமிருந்து தப்பிக்கப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அப்படி ஏதோ இருப்பது போல எழுத எனக்கு விருப்பமும் இல்லை. பின்னால் வரும் வண்டியை உணர்த்தும் ரேடார் பின்விளக்கு, ஹேண்டில் கண்ணாடி, பின்பக்கக் கேமரா இவற்றை எங்கள் குழுவில் இப்போது பலர் வைத்திருக்கிறோம். விடிந்த பிறகுதான் கிளம்புகிறோம். இதில் எதுவும் அந்த 97 மீட்டரை மாற்றாது, ஆனால் கேமராவின் பதிவு குறைந்தபட்சம் நம் குடும்பத்தை நாம் ஒழுங்காக ஓட்டினோம் என்று நிரூபிக்கும் வேலையிலிருந்து காப்பாற்றும்.

குற்ற வழக்கு முடிந்துவிட்டது. இழப்பீட்டு வழக்கில், ஓட்டுநர் எங்கள் ஊழியரே இல்லை, ஒப்பந்தத்துக்கு வந்தவர் என்று நிறுவனம் வாதாடுகிறது. வழித்தடம், நேரம், வண்டி எல்லாம் அவர்கள் கொடுத்தது என்று டிரிப் ஷீட்டை வைத்து நாங்கள் பதில் தாக்கல் செய்திருக்கிறோம். அந்தச் செய்திக்குப் பதில் போட்ட மேற்பார்வையாளர் இதுவரை சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. அடுத்த விசாரணையில் அவரை அழைக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறோம், அண்ணி அன்றைக்கு வரத் தயாராக இருக்கிறார்.